மாப்பிள்ளைகள் காரின் வைப்பர்

அக்டோபர் 12, சனி

வைப்பர் ஓடவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று ஒரே வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் கோபம். இன்று நிதானமாக எழுதுகிறேன்.

வண்டி என்னுடையது அல்ல. என்னுடையது இல்லை என்றும் சொல்ல முடியாது. என் மாமனார் வாங்கிய கார், அறுபத்தாறாம் வருஷத்து மாடல், கிரீம் நிறம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மங்கையர்க்கரசியை நான் கட்டினேன். இளையவள் செண்பகவல்லியைக் கலியமூர்த்தி கட்டினார். மாமனார் எந்த மாப்பிள்ளைக்கும் ஒரு பிடி கூட்டியோ குறைத்தோ செய்யாத மனிதர். தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே கரை வேட்டி. எனக்குப் போட்ட மோதிரம் விரலில் சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்தபோது, கலியமூர்த்தி விரலில் கச்சிதமாக இருந்ததையும் கழற்றி வாங்கிக்கொண்டார். காரை மட்டும் அவரால் இரண்டாக வெட்ட முடியவில்லை. எனவே உயிலில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: வண்டி இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பொது. ஒருவர் இல்லாமல் மற்றவர் எடுக்கக் கூடாது. போகும்போது மூத்தவர் ஓட்ட வேண்டும், வரும்போது இளையவர். பராமரிப்பில் வலது பக்கம் மூத்தவருடையது, இடது பக்கம் இளையவருடையது. எஞ்சின் பொது.

இது சட்டப்படி செல்லுமா என்று வக்கீலைக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நாங்கள் அப்படியே நடந்துவருகிறோம். மாயவரத்தில் அதற்கு 'மாப்பிள்ளைங்க கார்' என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கலியமூர்த்தியும் ஆக்கூர் முக்கூட்டு வரை போவோம். அங்கே ஒரு கடையில் இட்லி சாப்பிடுவோம். திரும்புவோம். பேச்சு அதிகம் கிடையாது. பேச என்ன இருக்கிறது?

செண்பகம் போன வருஷம் ஆவணியில் தவறிப்போனாள். கலியமூர்த்தி அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். மகன் குமணனுக்கு ஓசூரில் வேலை. "அப்பா, இங்கயே வந்துடுங்க" என்று நச்சரிக்கிறான். போன ஞாயிறு இட்லிக்கு நடுவில் கலியமூர்த்தி, "நான் போய்ட்டா நீங்க வண்டிய தனியா எடுக்க முடியாதே சகலை. வித்துடலாமா?" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டம் என்ன இதுல? உங்க இஷ்டம்தான்."

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல சகலை."

"அப்ப எனக்கும் இல்ல."

விற்பதென்று முடிவாயிற்று. அன்று இட்லி சரியாக வேகவில்லை.

வாங்கப்போகிறவர் பெயர் ராஜமாணிக்கம். தரங்கம்பாடிப் பக்கம் ரிசார்ட் கட்டுகிறார். எங்கள் வண்டியை வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திவைப்பாராம். மழைத் துளி படாத இடம். ஆனாலும் நிபந்தனை போட்டிருக்கிறார்: "ஹார்ன்லேர்ந்து வைப்பர் வரைக்கும் எல்லாம் ஓடணும் சார். ஓடாத சாமான் நம்ம காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது. வாஸ்து." இது எனக்கு நியாயமாகவே பட்டது. ஐப்பசி கடைசி நாள் காவிரியில் குளிக்கிற கடைமுழுக்குக்கு மறுநாள் வந்து பார்ப்பார்.

ஆக, கடைமுழுக்குக்குள் வைப்பர் ஓட வேண்டும். ஓட்டிவிடுவேன். மின்சார இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். இருந்தது சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் என்றாலும் மின்சாரம் மின்சாரம்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதென்று மங்கை சொன்னாள். வைப்பருக்குப் பிறகு பார்க்கிறேன் என்றேன்.

கோளாறு தேட ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு ஒயர், பிறகு மோட்டார், கடைசியில்தான் கண்ணாடிமேல் ஓடுகிற கை. பியூஸ் கண்ணாடிக் குழாயைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே கம்பி அறுபடவில்லை. சுவிட்ச் என் பக்கம். மோட்டார் பானெட்டுக்குக் கீழே இடது பக்கம், அதாவது கலியமூர்த்தியுடையது. நடுவில் போகிற ஒயர் யாருடையது என்ற கேள்வி வந்தது. ரேடியேட்டர் மூடிக்கு நேராக ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். கரண்ட் எல்லையைத் தாண்டும் வரை என் பொறுப்பு. தாண்டியபின் அவர் பாடு.

மெக்கானிக் பக்கிரிசாமி வந்து பானெட்டைத் திறக்காமலே, "எர்த் வரல சார்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். போன வருஷம் பின்சீட்டு கிழிந்தபோதும் சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

கலியமூர்த்தி ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். இன்று வண்டியின் ஒயரிங் முழுவதையும் கெட்டி அட்டையில் வரைந்து, கலர் கொடுத்து எடுத்துவந்தார். ஒத்துக்கொள்ள வேண்டும், அபாரமான படம். ஹாலில் மாட்டலாம் என்றாள் மங்கை. ஹெட்லைட்டுகளுக்கு இமை வரைந்திருந்தார்.

படத்தை வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தால் ஒன்றும் ஒத்துவரவில்லை. "இங்க பச்சை ஒயர் இருக்கு, நீங்க நீலம் போட்டிருக்கீங்களே?" என்று கேட்டேன்.

"பச்சை ஜாஸ்தியா இருந்துது சகலை. கண்ணுக்கு உறுத்திச்சு. அதான் ரெண்ட நீலமாக்கிட்டேன்" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

போகும்போது வெயில். நான்தான் ஓட்டினேன். முக்கூட்டில் மங்கை வாங்கிவரச் சொன்ன பாவாடை நாடா ஒரு கட்டு வாங்கினேன். இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்தால் கொட்டுகிறது மழை.

கடைக்காரர் புகையிலையைக் கொடுத்து, கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும் என்றார். தேய்த்தோம். கொஞ்ச தூரம் வழிந்தது, அப்புறம் கண்ணாடி முழுக்கப் பழுப்பு. நாடா யோசனை கலியமூர்த்தியுடையது. ஓரம்கட்டி நிறுத்தி, வைப்பர் கைகள் இரண்டின் நட்டையும் தளர்த்தி, இரண்டையும் நாடாவால் பிணைத்து, ஒரு முனையை என் ஜன்னல் வழியாகவும் இன்னொன்றை அவர் ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டோம். திரும்புகிற பயணம், அதனால் அவர் ஓட்ட வேண்டும். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் நாடா. நான் இடது பக்கம். அவர் வைப்பரை நான் இழுப்பதும் என் வைப்பரை அவர் இழுப்பதும் உயிலுக்கு விரோதம். மழையில் யார் பார்க்கிறார்கள்?

"இழுங்க சகலை!" என்பார், இழுப்பேன். "விடுங்க சகலை!" என்பார், விடுவேன். பிறகு நான் கத்துவேன், அவர் இழுப்பார். ஜன்னல் திறந்தே கிடந்ததால் இருவரும் தொப்பலாக நனைந்தோம். எதிரே வந்த டவுன் பஸ்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டு நாங்கள் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி அவருக்கு வணக்கம் வைக்க நாடாவை விட்டுவிட்டார். அரைக் கண்ணாடி தெரியாமல் போய், ஒரு நெல் மூட்டை டிராக்டருக்குப் பின்னால் அவர் பிரேக்கை மிதித்தபோது என் உயிர் போய் வந்தது. இரண்டு பேரும் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று தெரியவில்லை. செண்பகம் போனதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மிகவும் அசௌகரியமான பயணம். செம்பனார்கோவிலில் மழை விட்டுவிட்டது. வீடு வரை இழுத்தோம்.

அக்டோபர் 22, செவ்வாய்

தும்மல். மங்கை நாடாவைக் கேட்டாள். கொடுத்தேன். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் படுத்திருந்த சமயத்தில் பக்கிரிசாமி வந்து, கலியமூர்த்தியின் படத்தைப் பார்த்து ஒயர்களை இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஹார்ன் அடித்தால் வைப்பர் ஓடுகிறது. அடிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. மழை பெய்தால் மாயவரம் வரை ஹார்ன் அடித்துக்கொண்டே வர வேண்டும். பக்கிரிசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓடுது பாருங்க சார். எர்த் வந்துடுச்சு."

அக்டோபர் 25, வெள்ளி

காரணம் கிடைத்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். ஹார்ன் வழியாகக் கரண்ட் போனால் வைப்பர் ஓடுகிறது. ஆகவே மோட்டாரில் பழுதில்லை. சுவிட்சை நேராக இணைத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. மிச்சம் பியூஸ் பெட்டி. அன்றைக்கு மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன். இன்று பியூஸை முழுவதும் கழற்றினால், அது உட்காரும் பித்தளைக் கவ்விக்குள் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை. வருஷா வருஷம் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது செண்பகம். ஸ்டீயரிங், நாலு டயர், முன்கண்ணாடி, அவ்வளவுதான், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். போன வருஷம் தீட்டு, பூஜை இல்லை. இந்த வருஷம் கலியமூர்த்தி வைத்தார். அவள் எங்கெங்கே வைப்பாள் என்று அவர் ஒருநாளும் கவனித்ததில்லை போலிருக்கிறது. அதனால் எல்லா இடத்திலும் வைத்துவிட்டார். ஜாக்கியில் இருக்கிறது. ஸ்டெப்னி டயரில் இருக்கிறது. டிக்கியின் கீலில், ரேடியேட்டர் மூடியில், பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸுக்கும் ஒன்றாக இருக்கிறது. மற்ற பியூஸ்களில் மேலே வைத்தவர் இதில் மட்டும் விரலை உள்ளே விட்டிருக்கிறார்.

ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டினால் தீர்ந்தது.

பிற்பகல் மாடியில் அடைப்பு எடுத்தேன்.

அக்டோபர் 26, சனி

பூஜைச் சந்தனத்தைச் சுரண்டுவது தோஷம். இதை எங்கே படித்தேன் என்று ஞாபகம் இல்லை. படித்திருக்கிறேன்.

பியூஸைப் பழையபடி மாட்டினேன். ஹார்னோடு சேர்த்திருந்த ஒயரைப் பிரித்துவிட்டேன். ராஜமாணிக்கம் மாதிரி ஆட்களுக்கு ஹார்ன் வைப்பர் ஒத்துவராது. இப்போது வைப்பர் முன்போலவே ஓடவில்லை.

கலியமூர்த்தி, "ஏதாவது தெரிஞ்சுதா சகலை?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சியில இருக்கு" என்றேன்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.

அக்டோபர் 31, தீபாவளி

கலியமூர்த்தி சாப்பிட வந்தார். மங்கை வடை, இனிப்பு, கோழிக்குழம்பு என்று அமர்க்களப்படுத்தியிருந்தாள். இரண்டாவது வடையை வைக்கப் போனபோது இலையைக் கையால் மறைத்து, "போதும் அண்ணி" என்றார். போதாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

எங்கள் இருவருக்கும் உள்ள வியாதி இது. ஒரே வீட்டு மாப்பிள்ளைகள். வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டால் மாப்பிள்ளை முறுக்கு என்ன ஆவது? மாமியார் இருந்தவரை அந்தக் கையைப் பிடித்து நகர்த்திவிட்டு வடையை வைப்பார். இப்போது அதைச் செய்ய வேண்டியவன் வீட்டுக்காரனாகிய நான். எனக்கு உபசரிக்கத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் நானும் இலையை மறைத்துப் பழகியவன்தான்.

கை கழுவும்போது சொன்னார்: "ஓசூர்ல எனக்குன்னு ஒரு ரூம் பெயின்ட் அடிக்கிறானாம் குமணன். என்ன கலர் வேணும்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னேன்."

பட்டாசுச் சத்தத்தில் தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன். எனக்கு மனசே சரியில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மழை இல்லை. போனோம், வந்தோம். வைப்பர் கைகள் இடம் மாறியிருக்கின்றன. நீளமானது என் பக்கம், குட்டையானது அவர் பக்கம் இருக்க வேண்டும். இப்போது தலைகீழ். ஓடினால் நடுவில் ஒன்றோடொன்று மோதிப் பின்னிக்கொள்ளும். நான் தொடவில்லை. பக்கிரிசாமி தான் தொடவில்லை என்று தன் பிள்ளை மேல் சத்தியம் செய்கிறார்.

கலியமூர்த்தி பார்த்துவிட்டு, "அடடா" என்றார்.

நவம்பர் 6, புதன்

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. பாமாயில் வந்தது.

மோட்டாரின் எர்த் ஒயர் கழன்று தொங்குகிறது. பக்கிரிசாமி இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தது ஒருவழியாக உண்மையாகிவிட்டது. ஒயரைக் கழற்றியபின் நட்டைத் திரும்ப மாட்டி, ஸ்பானர் போட்டு நன்றாக இறுக்கியும் வைத்திருக்கிறது. எலியாக இருக்கும். மழைக்காலத்தில் எலிகள் வண்டிக்குள் புகுவது சகஜம்.

நான் அதை இணைக்கவில்லை. அது இடது பக்கம்.

நவம்பர் 9, சனி

எலி வலது வைப்பரின் ரப்பரையும் உருவி, பேப்பரில் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்திருக்கிறது. பேப்பர் நேற்றைய தேதியுடையது. கலியமூர்த்தி வாங்குகிற பேப்பர். எலிக்கு எதுவும் கிடைக்கும்.

எனக்கு ஏனோ இன்று காலையிலிருந்து சந்தோஷமாக இருக்கிறது. மங்கைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

சந்தோஷம் போயிற்று. குமணன் எனக்கு போன் செய்தான். "பெரியப்பா, நீங்கதான் எப்படியாவது அத முடிச்சுக் குடுக்கணும். அப்பா தினமும் கேட்டா வைப்பர், வைப்பர்ங்கறாரு. அவருக்கு இங்க வரணும்னு ஆசைதான், வண்டிதான் பிடிச்சு வெச்சிருக்கு" என்றான்.

ஆசையாக இருக்கிறாராம். ஆசையாக இருப்பவர் எதற்கு எலி வேலை பார்க்கிறார் என்று நான் அவனிடம் கேட்க முடியாது. ஒருவேளை உண்மையிலேயே எலியாக இருந்தால்? எலி ஸ்பானர் பிடிக்காதுதான். பக்கிரிசாமி பிடிப்பார். அவர் சத்தியத்தை நம்ப முடியாது, போன வாரம் சத்தியம் செய்த பிள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார், இன்று அதே பிள்ளை வழிப் பேரனுக்கு முடியிறக்கம் என்று லீவு போட்டுவிட்டார்.

மங்கையிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "தம்பிகிட்ட 'இங்கயே இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள்.

"பெத்த பிள்ளை கூப்பிடுறான். நடுவுல நான் யாருடி?"

"யாருன்னு தெரியாமத்தான் தினமும் போய் அந்த பானெட்டத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கறீங்களா?"

கீரையில் பாதி காம்பு.

நவம்பர் 15, வெள்ளி

கடைமுழுக்கு. துலாக்கட்டத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். நான் குளிக்கப் போகவில்லை. ஸ்குரூ டிரைவர் எடுத்துப் போய்ச் சந்தனத்தைச் சுரண்டிவிட்டேன். வைப்பர் கைகளை இடம் மாற்றிச் சரியாகப் பொருத்தினேன். ரப்பரை மாட்டினேன். எர்த் ஒயரைத் தொடவில்லை, ஆனால் அது தொங்குவது கண்ணில் படும்படி பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன். மனிதர் போக ஆசைப்பட்டால் போகட்டும். பிடித்து வைத்துக்கொள்ள அவர் என்ன என் சொத்தா?

சாயங்காலம் குடிக்கத் தண்ணீர் கேட்டு மங்கை எடுத்துவருவதற்குள் தூங்கிவிட்டேனாம்.

நவம்பர் 16, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ராஜமாணிக்கம் பத்து மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கவர். கூடவே சாட்சிக்கு நிற்பது போலப் பக்கிரிசாமி. நல்ல வெயில். கலியமூர்த்தி எனக்கு முன்பே வந்து வண்டியருகில் நின்றுகொண்டிருந்தார். அவர் விரல்களில் கிரீஸ் இருந்தது. நான் பார்த்ததும் வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வைப்பரப் போடுங்க" என்றார் ராஜமாணிக்கம்.

நான் சுவிட்சைத் திருகினேன். ஓடியது. அப்பழுக்கில்லாமல் இரண்டு கைகளும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தன. அந்த வண்டியில் வைப்பர் இவ்வளவு நன்றாக ஓடி மாமனார்கூடப் பார்த்திருக்க மாட்டார். கலியமூர்த்தியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஷ். நிறுத்துங்க."

சுவிட்சை அணைத்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைக் கழற்றினேன். அப்போதும் ஓடியது. பிறகுதான் தெரிந்தது, எர்த்தை இணைத்த கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று ஹார்ன் ஒயரிலிருந்து ஒரு ஜாயின்ட் நேராக மோட்டாருக்குக் கொடுத்துவிட்டார் கலியமூர்த்தி. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் கரண்ட் அதன் வழியாகவே வந்துகொண்டிருக்கும். எல்லாம் அவருடைய படத்தின்படிதான்.

பக்கிரிசாமி காதை பானெட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, "எர்த் ஜாஸ்தி வந்துடுச்சு சார்" என்றார்.

ராஜமாணிக்கம் கொஞ்சமும் கலங்கவில்லை. "பரவால்ல. ஓடணும்னுதான சொன்னேன்? நிக்கணும்னு சொல்லலியே. கண்ணாடிக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தா இன்னும் ஜோருதான், ஜனங்க போட்டோ எடுப்பாங்க" என்று கவரை எடுத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் கையில குடுக்கறது? அண்ணன் தம்பியா நீங்க?"

"இல்லீங்க" என்றார் கலியமூர்த்தி. "சகலையா இருந்தோம்."

"என்னது? இருந்தோமா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இருந்தோம்னா என்ன அர்த்தம்? நான் செத்துட்டனா?"

"கோவப்படாதீங்க சகலை. முறைன்னு பாத்தா, செண்பகம் போனதுக்கப்புறம்..."

"முறைய உங்கள யாரு பாக்கச் சொன்னா? செண்பகம் போனா என் கொழுந்தியா போனா. நீங்க எங்க போனீங்க?"

"ஓசூருக்குப் போறேன்ல!"

"யாரு போகச் சொன்னது?"

"நீங்கதான்! ஒரு ஆட்சேபணையும் இல்லன்னு சொன்னது யாரு? இட்லியப் பாத்துக்கிட்டே சொன்னீங்களே, என் மூஞ்சியக்கூடப் பாக்கல!" கலியமூர்த்தி கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டது நாடா இழுத்த அன்றைக்கு மட்டும்தான். "ஒரு வார்த்தை, இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் சகலை அந்த எர்த்தக் கழட்டப் போறேன்?"

"அப்ப எலி இல்ல?"

"நீங்க மட்டும் என்ன? பியூஸுல சந்தனம் இருக்கறத மூணு வாரமா பாத்துக்கிட்டே இருந்தீங்க. நானுந்தான் பாத்தேன். என்னிக்குச் சுரண்டப் போறாருன்னு தினமும் வந்து தொறந்து பாப்பேன். இருக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இன்னிக்குக் காலையில பாக்கறேன், தொடச்சு வெச்சிருக்கு. சரி, அனுப்பிட முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சேன். அதான் எல்லாத்தையும் மாட்டிவிட்டேன்."

அவர் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது. வந்ததை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. தெருவில், வெயிலில், ஓடுகிற வைப்பருக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் நின்று அழுதோம். மங்கை காபித் தட்டோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, முதல் டம்ளரை ராஜமாணிக்கத்திடம் கொடுத்தாள். அவர் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காபியை வாங்கிக்கொண்டார்.

"போகாதீங்க சகலை" என்றேன். சொன்ன பிறகு ரொம்பச் சுலபமான வார்த்தையாகத்தான் தெரிந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"வண்டி விக்கறதா இல்லீங்க" என்று ராஜமாணிக்கத்திடம் சொன்னேன்.

"ஏன் சார்? நல்லா ஓடுதே!"

"நிக்க மாட்டேங்குதே. ரிப்பேர் வண்டிய அடுத்தவங்க தலையில கட்டுறது எங்க குடும்பத்துல வழக்கமில்ல."

அவர் ரொம்ப நேரம் வாதாடினார். நிற்காத வைப்பர்தான் தனக்கு வேண்டும் என்றார். வாஸ்துப்படி நிற்காமல் ஓடுவது விசேஷம் என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் இன்னொரு காபி குடித்துவிட்டுப் போனார். பாட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் வைப்பர் நின்றது. அதைக் கழற்றுவது யார் பொறுப்பு என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

முக்கூட்டு வரை போனோம். மேகமே இல்லாத வானம். ஜாயின்டைப் பிரிக்க நேரமில்லாததால் வைப்பர் வழியெல்லாம் ஓடிக்கொண்டே வந்தது. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செம்பனார்கோவில் கடைவீதியில் ஒருவர் ஓடிவந்து, "சார், மழை இல்ல" என்று அக்கறையாகச் சொன்னார். கலியமூர்த்தி அவருக்கு நன்றி சொன்னார்.

இட்லி நன்றாக வெந்திருந்தது. பாதி சாப்பிடும்போது கலியமூர்த்தியின் போன் அடித்தது. குமணன். கடைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வண்டி வித்தாச்சா?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். வெளியே வண்டியைப் பார்த்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா. வைப்பர் இன்னும் சரியாகல."

"இன்னுமா? எவ்ளோ நாள் ஆகும்னாவது தெரியுமா?"

"சகலையத்தான் கேக்கணும். இரு, பக்கத்துலதான் இருக்கார்." போனைக் கையால் பொத்திக்கொண்டு நிஜமாகவே கேட்டார். "என்ன சகலை, எவ்ளோ நாள் ஆகும்?"

நான் அவர் காதருகில் குனிந்து சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டு மகனிடம் சொன்னார்:

"எங்க ரெண்டு பேர் காலமும் முடியற வரைக்கும் ஆகுமாம்ப்பா."